தண்ணீரை நிறுத்து நேரம் காட்டிய கோபுரம்

அடியில் சிறு துளையுள்ள ஒரு தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்தால், முதலில் வேகமாகப் பீறிடும் நீர் போகப்போகத் தளர்ந்து, கடைசியில் சொட்டுச் சொட்டாக வடிகிறது. செங்குத்துச் சுவர் உள்ள தொட்டி என்றால், மேல்பாதி காலியாக ஆகும் நேரத்தைவிடக் கீழ்ப்பாதி காலியாக இரண்டு மடங்குக்கும் மேலான நேரம் பிடிக்கும். துளைக்கு மேலே நிற்கும் நீரின் உயரம்தான் துளைவழியே நீரைத் தள்ளுகிறது. உயரம் கால் பங்காகக் குறைந்தால் வேகம் பாதியாகக் குறையும். எல்லா வீட்டிலும் பார்க்கக் கிடைக்கிற இந்தச் சங்கதிதான், தண்ணீரைக் கொண்டு நேரத்தை அளக்க முயன்ற ஒவ்வொரு நாகரிகத்துக்கும் முதல் தலைவலியாக இருந்தது. தானே தளர்ந்துகொண்டு போகும் ஒன்றை வைத்து, தளராமல் ஓடும் காலத்தை எப்படி அளப்பது? இந்தக் கேள்விக்குப் பதினோராம் நூற்றாண்டில் சீனத்தின் கைஃபெங் நகரில் கிடைத்த விடை ஏறத்தாழ 12 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரமாக எழுந்து நின்றது. சோங் அரச மரபின் தலைநகரில், சு சோங் என்ற அமைச்சர் கட்டிய வானியல் கடிகாரக் கோபுரம் அது.

இன்று கைஃபெங்குக்குப் போகிறவர்கள் அந்த மூலக் கோபுரத்தைப் பார்க்க முடியாது. மஞ்சள் நதி மீண்டும் மீண்டும் கரையுடைத்துக் கொண்டுவந்து கொட்டிய வண்டலுக்கு அடியில், பல மீட்டர் ஆழத்தில், சோங் காலத்து நகரமே புதைந்து கிடக்கிறது. கோபுரமோ வெள்ளம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே பிரித்தெடுக்கப்பட்டுவிட்டது. அருங்காட்சியகங்களில் நிற்பவை எல்லாம் இருபதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் செய்த மறுஆக்கங்கள். அவற்றின் முன்னே நிற்பவர்களின் கண், கதவைத் திறந்துகொண்டு வந்து மணியடிக்கும் மரப்பொம்மைகளிடம் போகிறது. விவரம் தெரிந்தவர்களின் கண், பின்புறத்தில் பெரிய சக்கரத்தை நிறுத்தி நிறுத்தி விடும் பூட்டு அமைப்பிடம் போகிறது. உலகின் பழமையான எந்திரக் கடிகாரங்களில் ஒன்று என்று இந்தக் கோபுரத்துக்குக் கிடைத்திருக்கும் புகழ் முழுவதும் அந்தப் பூட்டினால் வந்ததுதான். புகழ் சற்று இடம் மாறிப் போய்விட்டது என்பது என் கட்சி. அந்தக் கோபுரத்தில் நேரத்தைப் பிறப்பித்தது ஆடாமல் அசையாமல் கிடந்த ஒரு தண்ணீர்த் தொட்டி; அந்த நேரம் சரிதானா என்று சொன்னது உச்சியில் இருந்த வெண்கல வளையங்கள். பூட்டின் வேலை வேறு. அதுவும் அரிய வேலைதான், ஆனால் பொதுவாகச் சொல்லப்படும் வேலை அல்ல.

கோபுரம் எதற்காக எழுந்தது என்பதிலிருந்தே தொடங்கலாம். 1077-ஆம் ஆண்டு, வடக்கே இருந்த லியாவ் பேரரசின் மன்னருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல சு சோங் தூதராக அனுப்பப்பட்டார். குளிர்கால அயனநாளை ஒட்டிய சமயம். சோங் நாட்காட்டிப்படி அயனநாள் ஒரு நாள். லியாவ் நாட்காட்டிப்படி அதற்கு அடுத்த நாள். சரியாக இருந்தது எதிராளியின் நாட்காட்டி. வானத்தின் ஆணையைப் பெற்றவர் என்று சொல்லிக்கொள்ளும் பேரரசருக்கு இது சிறு அவமானம் அல்ல. சு சோங் தூதருக்குரிய சாமர்த்தியத்தோடு சமாளித்தார்: கணக்கிடும் முறைகளில் சிறு வேறுபாடு இருக்கத்தான் செய்யும், அயனம் நள்ளிரவை ஒட்டி விழும்போது சில 'கெ' வித்தியாசம் வந்தால்கூட ஒரு கணக்கில் இன்றும் இன்னொரு கணக்கில் நாளையும் ஆகிவிடும் என்றார். 'கெ' என்பது ஒரு நாளின் நூறில் ஒரு பங்கு, நம் கணக்கில் 14 நிமிடம் 24 விநாடி. சமாளிப்புக்காகச் சொன்னாலும் அதில் உண்மை இருக்கிறது. ஒரு நாள் பிழை என்பது பெரிய பிழையாக இருக்க வேண்டியதில்லை; நள்ளிரவுக் கோட்டைத் தாண்டிவிட்ட சின்னப் பிழையாகவும் இருக்கலாம். அந்தச் சின்னப் பிழையைப் பிடிக்க வேண்டுமானால் நாளுக்குள்ளே நேரத்தை நம்பிக்கையோடு அளக்கத் தெரிந்திருக்க வேண்டும். 1086-இல் புதிய வானியல் கருவி ஒன்றைச் செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. பணியாளர் துறையில் எழுத்தராக இருந்த ஹான் கோங்லியான் என்ற கணிதம் கற்றவரை அவர் கண்டெடுத்தார். வடிவக் கணக்கைப் போட்டுப் பார்த்தது ஹான் கோங்லியான்தான். முதலில் மரத்தில் மாதிரிகள் செய்து, ஓட்டிப் பார்த்து, 1088-இல் முழு அளவு மர அமைப்பு தயாரான பிறகே வெண்கலத்தில் கை வைத்தார்கள். வேலை முடிந்ததும் கருவியின் ஒவ்வொரு உறுப்பையும் படம் போட்டு விளக்கி சு சோங் ஒரு நூலும் எழுதினார்.

அந்த நூலின்படி கோபுரம் மூன்று அடுக்குகள் கொண்டது. உச்சித் தளத்தில், கழற்றக்கூடிய கூரைக்கு அடியில், வளையக்கோளம் இருந்தது. வானத்தின் நடுக்கோடு, சூரியப் பாதை ஆகியவற்றைக் குறிக்கும் வெண்கல வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருத்தி, நடுவே ஒரு நோக்குகுழாய் வைத்த கருவி அது. குழாய் வழியே ஒரு விண்மீனைப் பார்த்து அதன் இடத்தை வளையங்களில் உள்ள அளவுகோட்டில் படிக்கலாம். நடு அடுக்கில் விண்மீன்களைப் பொறித்த விண்கோளம், பாதி ஒரு பெட்டிக்குள் அமிழ்ந்தபடி சுழன்றது. பெட்டியின் மேல்விளிம்புதான் தொடுவானம். கீழே முன்பக்கத்தில் ஐந்து நிலை மரமண்டபம். அதில் வண்ண உடை அணிந்த பொம்மைகள் வந்து, இரண்டு மணி நேரம் கொண்ட ஒவ்வொரு பொழுதின் தொடக்கத்தையும் நடுவையும், ஒவ்வொரு 'கெ' முடிவதையும் மணி, முரசு எனத் தனித்தனி ஒலியால் அறிவித்தன. இரவுச் சாமங்களுக்குத் தனி நிலை. பருவத்துக்குப் பருவம் இரவின் நீளம் மாறுவதால் சாமத்தின் நீளமும் மாறும். அதற்கேற்பப் பொம்மைகளின் வரிசையையும் மாற்றிக்கொள்ள ஏற்பாடு இருந்தது. மண்டபத்துக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், 11 சீன அடி குறுக்களவுள்ள பெரிய சக்கரம் ஒன்று, விளிம்பில் 36 அகப்பைகளோடு. அகப்பைகளில் தண்ணீர் விழ, சக்கரம் சுழல, பற்சக்கரங்களும் நெடிய சங்கிலியும் அந்தச் சுழற்சியை மூன்று அடுக்குகளுக்கும் எடுத்துச் சென்றன. கீழே தேங்கிய தண்ணீரை ஆட்கள் இறைவைச் சக்கரங்களைச் சுற்றி மறுபடி மேலே ஏற்றினார்கள்.

இப்போது தொட்டிக்கு வருவோம். தளரும் ஓட்டத்துக்குச் சீனர்கள் கண்ட மருந்து, கேட்டால் சிரிப்பு வருமளவுக்கு எளிமையானது. ஒரு தொட்டிக்குப் பதில் இரண்டு. மேல்தொட்டி கீழ்த்தொட்டியை நிரப்பிக்கொண்டே இருக்கும்; கீழ்த்தொட்டியிலிருந்துதான் அளவுக்கான நீர் வெளியே போகும். மேலே மட்டம் குறைந்தால் அந்தப் பாதிப்பு கீழே வரும்போது மழுங்கிவிடுகிறது. இரண்டாம் நூற்றாண்டில் ஜாங் ஹெங் என்ற வானியலாளரின் காலத்திலேயே இந்தக் கூடுதல் தொட்டி வந்துவிட்டது. 1030-இல் யான் சு என்பவர் இன்னொரு படி போனார்: கீழ்த்தொட்டிக்குத் தேவையைவிடச் சற்று அதிகமாகவே நீர் வரட்டும், மிகுதி விளிம்பருகே உள்ள வழியாக வழிந்து போகட்டும் என்றார். வழிந்துகொண்டே இருக்கும் தொட்டியில் மட்டம் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. மட்டம் மாறாவிட்டால் ஓட்டமும் மாறாது. சு சோங்கின் கோபுரத்திலும் மேலே ஒரு சேமிப்புத் தொட்டி, அதற்குக் கீழே மட்டம் மாறாத் தொட்டி, அதன் குழாய் நேராகச் சக்கரத்தின் அகப்பைக்கு. தன் பங்குக்கு எந்தச் சத்தமும் போடாத இந்த இரண்டாம் தொட்டிதான் கோபுரத்தின் கால அளவுகோல்.

மட்டம் மாறாவிட்டாலும் ஓட்டம் மாற இன்னொரு காரணம் உண்டு. குளிர்ந்த தண்ணீர் 'தடித்து' ஓடும். நீருக்குள்ளேயே ஓர் அடுக்கு மற்றொன்றின் மேல் வழுக்கும்போது ஏற்படும் தடையைப் பாகுநிலை என்கிறோம்; 25 டிகிரி வெப்பத்தில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு பாகுநிலை உறைநிலையை ஒட்டிய தண்ணீருக்கு உண்டு. அகலத் துளையில் இதன் பாதிப்பு சொற்பம். மெல்லிய நீண்ட குழாயில் கணிசம். பாகுநிலை என்ற கருத்து பிறப்பதற்கு வெகுமுன்பே இதன் விளைவு தெரிந்திருந்தது. பொது ஆண்டுக் கணக்குத் தொடங்கிய காலத்தை ஒட்டி வாழ்ந்த ஹுவான் தான் என்ற அறிஞர், வறட்சி, ஈரம், குளிர், வெம்மை ஆகியவற்றுக்கேற்ப நீர்க்கடிகாரம் மாறுவதைக் குறித்து, பகலில் சூரிய நிழலோடும் இரவில் விண்மீன்களோடும் அதை ஒப்பிட்டுத் திருத்தியிருக்கிறார். 979-ஐ ஒட்டி ஜாங் சிஷுன் என்பவர் தம் வானியல் கடிகாரத்தில் தண்ணீரை விட்டுப் பாதரசத்துக்கே போனார். குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துபோவதுதான் அவர் கண்ட தொல்லை. ஆனால் பாதரசத்தால் இன்னொரு நன்மையும் சேர்ந்துகொண்டது. உறைநிலைக்கும் அறை வெப்பத்துக்கும் இடையே அதன் பாகுநிலை பத்தில் ஒரு பங்கு அளவே மாறுகிறது. சு சோங் தண்ணீருக்கே திரும்பினார். அப்படியானால் பருவம் மாறும்போதெல்லாம் யாராவது கவனித்துத் திருத்தியாக வேண்டும். இந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் வர வேண்டியிருக்கும்.

சீரான ஓட்டம் கிடைத்துவிட்டது. அதை நேராகச் சக்கரத்தின் மேல் விட்டால் சக்கரம் சீராகச் சுழலாதா? சுழலாது. தொடர்ந்து சுழலும் சக்கரத்தின் வேகத்தை, தள்ளும் தண்ணீரோடு எதிர்க்கும் உராய்வும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. மரம் ஈரத்தில் ஊதினால் உராய்வு கூடும். எண்ணெய் காய்ந்தால் கூடும். நண்பகலில் பல பொம்மைகள் ஒருசேர அசைந்தால் சுமை கூடும். ஒவ்வொரு முறையும் வேகம் மாறும், நேரம் கெடும். இங்கேதான் பூட்டு வருகிறது. கடிகாரத் தொழிலில் எஸ்கேப்மென்ட் எனப்படும் இதை விட்டுப்பிடிப்பு என்று சொல்லலாம். தண்ணீர் விழும் இடத்தில் உள்ள அகப்பை, எதிர்ப்புறம் எடைக்கல் தொங்கும் ஒரு நெம்புகோலின் கவையில் முட்டி நிற்கும். அகப்பையில் சேரும் தண்ணீரின் பாரம் எடைக்கல்லை மிஞ்சாதவரை ஒன்றும் நடக்காது. மிஞ்சிய கணம் அகப்பை கவிழ்ந்து இறங்கும். இறங்கும் வேகத்தில் அதன் முனை இன்னொரு நாக்கைத் தட்டும். நாக்கு ஒரு சங்கிலியை இழுக்கும். சங்கிலி மேலே நீண்ட கோல் ஒன்றைச் சாய்க்கும். அந்தக் கோல் சக்கரத்தின் ஆரத்தைப் பிடித்திருந்த தாழைத் தூக்கும். ஏற்கெனவே நிரம்பிக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும் மற்ற அகப்பைகளின் பாரம் சக்கரத்தை ஓர் ஆரம் முன்னே தள்ளும். அதற்குள் தாழ் மறுபடி விழுந்து அடுத்த ஆரத்தைப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் பின்னோக்கித் துள்ளாதபடி மறுபக்கம் இன்னொரு தாழ். கோயில் தரிசன வரிசையில் ஒருவரை உள்ளே விட்டுவிட்டு உடனே கயிற்றைக் குறுக்கே போடும் காவலரைப் போல, ஒரு நேரத்தில் ஓர் ஆரம்தான்.

பற்களின் கணக்கை வைத்து, சக்கரம் ஒரு நாளில் 100 முறை சுற்றியிருக்க வேண்டும் என்று ஜான் கோம்ப்ரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1960-களில் காட்டினார். ஒரு சுற்றுக்கு ஒரு 'கெ'. ஒரு சுற்றில் 36 அகப்பைகள். ஆகவே ஒரு நாளில் 3600 துடிப்புகள், துடிப்புக்கு 24 விநாடி. தமிழ் வாசகருக்கு இந்த எண் எங்கோ கேட்டதுபோல இருக்கும். 60 நாழிகை ஒரு நாள், 60 விநாழிகை ஒரு நாழிகை. ஒரு விநாழிகை என்பது சரியாக 24 விநாடி. சு சோங்கின் சக்கரம் விநாழிகைக்கு ஒரு முறை துடித்திருக்கிறது. இதில் உறவு தேட வேண்டாம். அவர்கள் நூறை முப்பத்தாறால் பெருக்கினார்கள், நாம் அறுபதை அறுபதால் பெருக்கினோம், எண்கள் வந்து முட்டிக்கொண்டன, அவ்வளவே.

இந்த அமைப்பில் நேரத்தை முடிவுசெய்வது எது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு துடிப்பின் நீளம் என்பது அகப்பை நிரம்பி எடைக்கல்லை மிஞ்ச ஆகும் நேரம். அது இரண்டையே பொறுத்தது: தண்ணீர் விழும் வீதம், எடைக்கல்லின் கனம். பெரிய சக்கரத்தின் உராய்வு, பொம்மைகளின் சுமை, சங்கிலியின் இழுப்பு எதுவும் அந்தக் காத்திருப்பில் தலையிடுவதில்லை. அவற்றின் பங்கெல்லாம் தாழ் தூக்கிய பிறகு நடக்கும் ஒரு சிறு தாவலில்தான். தாவல் சற்று மெதுவாக நடந்தாலும், நடந்து முடிந்துவிட்டால் போதும். ஆக, பூட்டு நேரத்தை உண்டாக்கவில்லை. உண்டான நேரத்தை எந்திரத்தின் மற்ற பாகங்கள் கெடுத்துவிடாதபடி வேலி போட்டது. அளப்பவனையும் உழைப்பவனையும் பிரித்து வைத்தது. பிற்காலக் கடிகாரக் கலை முழுவதற்கும் இந்தப் பிரிவினைதான் ஆதாரம் என்பதால், பூட்டின் புகழைக் குறைக்க வேண்டியதில்லை. அதன் வேலையைச் சரியாகப் பெயரிட்டால் போதும்.

பிழைகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தொட்டியின் முதன்மை இன்னும் தெளிவாகும். அகப்பையில் துளி தெறிப்பது, கவை சற்று ஒட்டிக்கொள்வது போன்றவற்றால் ஒவ்வொரு துடிப்பும் ஒரு விநாடி முன்னேயோ பின்னேயோ போகிறது என்று வைத்துக்கொள்வோம். 24-இல் ஒன்று என்பது மோசமான பிழைதான். ஆனால் முன்னதும் பின்னதுமாக ஒழுங்கின்றி வரும் பிழைகள் ஒன்றையொன்று பெருமளவு அடித்துக்கொண்டு போகும். 3600 துடிப்புகளின் முடிவில் எஞ்சும் பிழை 3600 விநாடி அல்ல, அதன் வர்க்கமூல அளவான 60 விநாடிக்கு அக்கம்பக்கம்தான். நாளுக்கு ஒரு நிமிடம். மாறாக, துடிப்புகள் அத்தனையும் கச்சிதமாக இருந்து, தண்ணீர் ஓட்டம் மட்டும் நூற்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டால்? எல்லாப் பிழையும் ஒரே திசையில் சேரும். நாள் முடிவில் சரியாக ஒரு 'கெ' பின்தங்கும், அதாவது கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பூட்டின் சில்லறைத் தவறுகளை எண்ணிக்கை மன்னித்துவிடும். தொட்டியின் தவறை எதுவும் மன்னிக்காது.

எதுவும் என்று சொன்னது முழுக்கச் சரியில்லை. உச்சித் தளம் இருக்கிறது. நோக்குகுழாயை ஒரு விண்மீன் மீது பதித்துவிட்டு, வளையக்கோளத்தைச் சக்கரத்தோடு இணைத்தால், வானம் சுழலும் வேகத்தில் குழாயும் திரும்பிக்கொண்டே போகும். இன்றைய தொலைநோக்கிகளை மோட்டார் திருப்புவதும் இதற்காகத்தான். சக்கரம் சரியாக ஓடினால் விண்மீன் குழாயின் நடுவிலேயே நிற்கும். சக்கரம் பிந்தினால் விண்மீன் மேற்கே நழுவும், முந்தினால் கிழக்கே. வானம் ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுழல்வதால், கடிகாரத்தில் ஒரு நிமிடப் பிழை வானத்தில் கால் டிகிரி, முழுநிலவின் அகலத்தில் பாதி. ஒரு 'கெ' பிழை என்றால் 3.6 டிகிரி, வெறும் கண்ணுக்கே பளிச்சென்று தெரியும். அடியில் இருக்கும் தண்ணீர் தவறினால் உச்சியில் இருக்கும் வெண்கலம் காட்டிக்கொடுத்துவிடும். நீரோட்டத்தை மாற்றியோ எடைக்கல்லை மாற்றியோ ஊழியர்கள் அதைத் திருத்தலாம். மேகம் மூடிய இரவில் குழாய் பயன்படாது. அப்போது நடு அடுக்கின் விண்கோளம் வானத்துக்குப் பதிலாள். மேகம் கலைந்ததும் மறுபடி ஒப்பிட்டுக்கொள்ளலாம். இந்த ஒப்பீட்டுப் பழக்கமும் புதிதல்ல. ஜாங் ஹெங் தம் நீரியல் விண்கோளத்தை மூடிய அறைக்குள் வைத்து, இன்ன விண்மீன் இப்போது உதிக்கிறது, இன்னது உச்சியில் இருக்கிறது என்று உள்ளிருப்பவர் சொல்ல, வெளியே வானத்தைப் பார்ப்பவர் சரிபார்த்ததாகச் சீன வரலாற்று நூல் பதிவுசெய்கிறது. ஒருவர் மற்றவரைப் பார்க்க முடியாதபடி வைத்துச் சோதிக்கும் முறை இன்றைய ஆய்வுக்கூடத்துக்கும் பெருமை தருவது.

இங்கே ஓர் ஆட்சேபம் நியாயமாகவே எழும்: நேரத்தைப் பிறப்பிப்பது தண்ணீர்தான் என்றால் இது வெறும் நீர்க்கடிகாரம், எந்திரக் கடிகாரம் என்று பட்டம் சூட்டுவது மிகை அல்லவா? ஆட்சேபத்தின் முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதே உரைகல்லில் ஐரோப்பாவின் முதல் எந்திரக் கடிகாரங்களை உரசிப் பார்க்க வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே தோன்றியவற்றில், தொங்கும் எடை ஒரு பற்சக்கரத்தைத் தள்ள, குறுக்குச் சட்டம் ஒன்று இடமும் வலமுமாக ஆடி அதைத் தடுத்துத் தடுத்து விட்டது. தண்ணீர் அறவே இல்லை. ஆனால் அந்தச் சட்டத்துக்கென்று சொந்தமான ஆட்டக்காலம் கிடையாது. தள்ளும் விசை கூடினால் வேகமாக ஆடும், உராய்வு கூடினால் மெதுவாக ஆடும். அளப்பவனும் உழைப்பவனும் அங்கே ஒரே ஆள். ஆகவே நாளுக்குக் கால் மணி நேரப் பிழை அவற்றில் சாதாரணம். தனக்கென்று ஆட்டக்காலம் உள்ள ஊசலை ஹைகன்ஸ் என்ற டச்சு அறிஞர் 1656-இல் கடிகாரத்தில் பொருத்திய பிறகுதான் இந்தக் குறை தீர்ந்தது. அதற்குமுன், கொள்கை அளவில், கைஃபெங் கோபுரத்தின் வழியே மேலானது. நடைமுறையில் ஐரோப்பியச் சாதனத்துக்கு இருந்த வசதி வேறு: இறைக்க ஆள் வேண்டாம், உறையாது, சுருக்கிச் சுருக்கிச் சட்டைப்பை வரை கொண்டுவரலாம். டேவிட் லாண்டஸ் என்ற வரலாற்றாசிரியர் சு சோங்கின் கடிகாரத்தை மகத்தான முட்டுச்சந்து என்ற பொருள்பட வர்ணித்தது இதனால்தான். சந்ததி இல்லாமல் போனது உண்மை. சீனத்திலிருந்து இந்த யோசனை ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று சீன அறிவியலின் வரலாற்றை எழுதிய ஜோசஃப் நீடம் கருதினார். இரண்டு பூட்டுகளும் இயங்கும் விதம் அடியோடு வேறு என்பதால் எனக்கு அது ஏற்புடையதாக இல்லை.

இன்னொரு ஆட்சேபம் கடுமையானது. அழிந்துபோன எந்திரம், அதைச் செய்தவரே எழுதிய விளக்கம். அது உண்மையிலேயே ஓடியது என்று எப்படி நம்புவது? நூல் எப்படித் தப்பியது என்று முதலில் பார்க்கலாம். 1172-இல் தென்சீனத்தில் அது அச்சானது. அந்தப் பிரதி ஒன்று பதினேழாம் நூற்றாண்டில் சியான் செங் என்ற நூல் சேகரிப்பாளரின் கைக்கு வர, அவர் படங்களைக் கோடு பிசகாமல் பெயர்த்தெழுத வைத்தார். 1956-இல் நீடம், வாங் லிங், டெரெக் பிரைஸ் மூவரும் நூலைப் படித்துப் பூட்டின் இயக்கத்தை உலகுக்கு விளக்கினார்கள். 1958-இல் பெய்ஜிங்கில் வாங் சென்துவோ ஐந்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்தார். பிறகு தைவானின் தைச்சுங் நகரிலும், ஜப்பானில் சுவா ஏரிக்கரையிலும் முழு அளவில் மறுஆக்கங்கள் எழுந்தன. நீடம் குழுவின் முதல் விளக்கத்தில் பூட்டு எதிர்பார்த்தபடி இயங்காது என்று கோம்ப்ரிட்ஜ் மாதிரி செய்துபார்த்துத் திருத்தினார். அகப்பை தன் அச்சில் கவிழக்கூடியதாக இருந்தால்தான் நெம்புகோல்கள் வரிசையாகத் தட்டும் என்று அவர் கண்டது நூலின் வாசகத்தோடும் பொருந்தியது. மறுஆக்கம் ஓடுவதால் மூலமும் ஓடியது என்று நிரூபணமாகாது என்பது சரியே. ஆனால் எழுத்தில் உள்ளபடி செய்தால் ஓடுகிறது, எழுத்தை மீறிச் செய்தால் முட்டிக்கொள்கிறது என்பது வெறும் கற்பனையாக எழுதப்பட்ட நூலுக்கு அமையாத பண்பு.

வெளிச்சாட்சியும் உண்டு, அதுவும் எதிரிகளிடமிருந்து. 1127-இல் கைஃபெங்கைக் கைப்பற்றிய வடக்கத்திய ஜின் அரசினர் கோபுரத்தைப் பிரித்து, இன்றைய பெய்ஜிங் இருக்கும் இடத்திலிருந்த, பின்னாளில் தங்கள் தலைநகரான ஊருக்குக் கொண்டுபோனார்கள். பற்சக்கரங்களும் அகப்பைச் சக்கரமும் பொம்மை இயக்கங்களும் நாளடைவில் சிதைந்து தூக்கியெறியப்பட, வெண்கல வளையக்கோளம் மட்டும் வானாய்வு மேடைக்கு ஏறியது. அங்கே நோக்குகுழாயில் துருவ விண்மீன் சரியாகச் சிக்கவில்லை. குழாயை நான்கு பாகை இறக்கி வைத்த பிறகே தெரிந்தது என்று ஜின் வரலாறு சொல்கிறது. கைஃபெங் ஏறத்தாழ 34.8 டிகிரி வடக்கு, பெய்ஜிங் 39.9. துருவ விண்மீனின் உயரம் ஊரின் அகலாங்குக்குச் சமம் என்பதால் ஊர் மாறினால் ஏறத்தாழ ஐந்து டிகிரி பிசகத்தான் வேண்டும். துல்லியமாகச் சீரமைக்காத கருவியில் இந்தப் பிசகு யார் கண்ணிலும் பட்டிருக்காது. 1195-இல் இடி விழுந்து மேடை பிளந்து கோளம் கீழே சாய்ந்தது. செப்பனிட்டு மறுபடி நிறுத்தினார்கள். 1214-இல் மங்கோலியருக்கு அஞ்சித் தெற்கே ஓடியபோது, உருக்கவும் மனமில்லாமல், வண்டியில் ஏற்றவும் முடியாமல் விட்டுவிட்டுப் போனார்கள்.

தெற்கே ஒதுங்கிய சோங் அரசு புதிதாக ஒன்று செய்ய விரும்பியது. சு சோங்கின் மகனையே கேட்டார்கள், தந்தையின் தாள்களைத் தேடினார்கள், பலிக்கவில்லை. தத்துவ அறிஞர் ஜூ ஷியும் அந்த நீரியக்கத்தை ஆராய்ந்து பார்த்துக் கைவிட்டதாகச் செய்தி இருக்கிறது. நூலில் அளவுகள் போதவில்லை என்று அக்கால வரலாறு குறைப்படுகிறது. உறுப்புகளின் பெயரும் வடிவமும் எழுத்தில் இருந்தன. ஆனால் எடைக்கல்லில் எவ்வளவு கூட்டுவது, குளிர்காலம் வந்தால் ஓட்டத்தை எவ்வளவு விடுவது, விண்மீன் குழாயைவிட்டு நழுவும்போது எதை முதலில் தொடுவது என்பதெல்லாம் கைஃபெங் கோபுரத்தில் இரவு பகலாக வேலை பார்த்த ஊழியர்களின் கைப்பழக்கம். 1127-இல் தலைநகரம் விழுந்தபோது, கைவினைஞர்களும் வானியல் ஊழியர்களும் கைதிகளோடு கைதிகளாக வடக்கே நடத்திச் செல்லப்பட்டார்கள்.